முளையத்தில் ஒரு படியெடுப்புக் காரணியை மருந்தால் நிறுத்துவது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஸீப்ரா மீன் முளையத்தில் ஒரு இரசாயன நிரோதியை (தடுக்கும் மருந்தை) போட்டு, குறிப்பிட்ட படியெடுப்புக் காரணி ஓய்ந்தால் உடல் எப்படி மாறுகிறது என்று பார்க்கும் பரிசோதனை இது. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் இறுதியாண்டு மாணவர்கள் பலர் இதைச் செய்யும்போது பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அநேகமான தவறுகள் மருந்துக் குப்பியைத் திறக்கும் முன்பே நடந்து முடிந்துவிடுகின்றன. அதனால் முதல் மூன்று படிகளுக்கு மேசையில் ஒரு காகிதமும் பேனையும் மட்டும் போதும். அவற்றைச் செய்யாமல் தாண்டிப் போகாதீர்கள்.

உதாரணமாக, கலங்களுக்கிடையே சமிக்ஞை கடத்தும் ஹெட்ஜ்ஹாக் பாதையையும், அதன் முடிவில் இருக்கும் க்ளி என்ற படியெடுப்புக் காரணியையும் எடுத்துக்கொள்கிறேன். 24 மணி நேரத்தில், சாதாரண நுணுக்குக்காட்டியிலேயே விளைவு தெரியும். புதிதாகத் தொடங்குபவருக்கு இதைவிட நல்ல இடம் இல்லை.

1. மருந்து எங்கே பிடிக்கிறது என்று வரைந்து பாருங்கள்

படியெடுப்புக் காரணி டிஎன்ஏயில் ஒரு குறிப்பிட்ட வரிசையைப் பிடித்து, ஒரு ஜீனை இயக்கும் அல்லது அடக்கும் புரதம். நொதியத்தில் இருப்பது போல மருந்து உள்ளே போய் உட்காரக்கூடிய ஆழமான குழி பெரும்பாலான காரணிகளில் கிடையாது. டிஎன்ஏயைப் பிடிக்கும் பக்கமும் மற்றப் புரதங்களைப் பிடிக்கும் பக்கமும் தட்டையாகவும் அகலமாகவும் இருக்கும். ஆகவே இந்த வேலைக்கு நாம் எடுக்கும் மருந்துகளில் பல காரணியைத் தொடுவதே இல்லை. அதற்கு மேலே இருக்கும் ஏற்பியை அல்லது நொதியத்தைத்தான் பிடிக்கின்றன.

சைக்ளோபமைன் பிடிப்பது ஸ்மூதெண்ட் என்ற சவ்வுப் புரதத்தை. அது ஓய்ந்தால் க்ளி இயக்கம் பெறாது. கான்ட்61 க்ளியையே நேராகப் பிடிக்கிறது. டாப்ட் காமா செக்ரட்டேஸ் நொதியத்தைத் தடுப்பதால் நோட்ச் என்ற சவ்வு ஏற்பி வெட்டுப்படாது; வெட்டுப்படாத நோட்ச் கலத்தின் கருவுக்குள் போய் ஆர்பிபிஜே காரணியோடு சேர முடியாது. எல்டிஎன்193189 பிஎம்பி என்ற சமிக்ஞை மூலக்கூறின் ஏற்பிகளைத் தடுத்து, ஸ்மாட்1, ஸ்மாட்5 என்ற காரணிகள் இரண்டுக்கும் பொஸ்பேற்று ஏறாமல் செய்கிறது. எஸ்பி431542 இதே வேலையை ஸ்மாட்2, ஸ்மாட்3 பக்கத்தில் செய்கிறது. ரெட்டினோயிக் அமில ஏற்பி மட்டும் வேறு வகை. அந்த ஏற்பியே ஒரு படியெடுப்புக் காரணி, இயற்கையான குழியும் அதற்கு உண்டு. அதனால் பிஎம்எஸ்493 போன்ற மருந்து அதை நேரே பிடிக்கிறது.

காகிதத்தில் சமிக்ஞை மூலக்கூறு, ஏற்பி, இடைப் புரதங்கள், காரணி, இலக்கு ஜீன் என்று ஒரு கோடாக வரைந்து, மருந்து பிடிக்கும் இடத்தில் ஒரு குறுக்குக் கோடு போடுங்கள். முடிவில் நீங்கள் எழுதக்கூடிய வசனம் அந்தக் குறுக்குக் கோட்டைத் தாண்டக்கூடாது. டாப்ட் போட்டுவிட்டு "ஆர்பிபிஜேயை நிறுத்தினோம்" என்று எழுதினால் தேர்வாளர் கட்டாயம் கேட்பார், ஏனென்றால் காமா செக்ரட்டேஸ் வெட்டும் புரதங்களில் நோட்ச் ஒன்று மட்டுமே.

2. ஒரு மருந்தை வாங்காதீர்கள், மூன்றை வாங்குங்கள்

முதலாவது, நீங்கள் நம்பும் நிரோதி: இங்கே சைக்ளோபமைன். இரண்டாவது, அதே பாதையில் வேறு இடத்தைப் பிடிக்கும் ஒன்று: கான்ட்61. உருவத்தில் சம்பந்தமே இல்லாத இரண்டு மூலக்கூறுகள் ஒரே மாற்றத்தைத் தந்தால், அந்த மாற்றம் பாதையால் வந்தது என்று சொல்லக் காரணம் கிடைக்கிறது. ஒவ்வொன்றுக்கும் வேறு இலக்குகள் இருக்கலாம். இரண்டுக்கும் ஒரே வேறு இலக்கு இருப்பது அரிது.

மூன்றாவது, உருவத்தில் ஒத்ததாயினும் பாதையைத் தடுக்காத மூலக்கூறு. சைக்ளோபமைனுக்கு டொமாட்டிடின் இருக்கிறது. தக்காளிச் செடியின் அல்கலோயிட்டிலிருந்து பெறுவது. சைக்ளோபமைன் முளையத்தைக் குழப்பி, அதே செறிவில் டொமாட்டிடின் எதுவும் செய்யாவிட்டால், கேள்வி பாதிக்கு மேல் தீர்ந்துவிடும். எல்லா மருந்துக்கும் இப்படி ஒரு சோடி கிடைக்காது. கிடைத்தால் விடக்கூடாது.

மூன்றையும் ஒரே தடவையில் கேளுங்கள். கொழும்பு முகவர் வழியாக யாழ்ப்பாணம் வந்துசேர வாரக்கணக்கில் ஆகும். முதல் மருந்தின் முடிவைப் பார்த்துவிட்டு மற்றதைக் கேட்டால் செயற்றிட்டக் காலம் முடிந்துவிடும். விலங்கு ஆய்வுக்கான நெறிமுறை அனுமதியையும் இதே வாரத்தில் விண்ணப்பியுங்கள். இளம் முளையத்தில் மட்டும் வேலை செய்வதாக இருந்தாலும், முட்டையிடும் பெரிய மீன்களை நீங்கள்தான் வளர்க்கிறீர்கள்.

3. எப்போது போடுவது, எப்போது எடுப்பது

ஒரே காரணி வெவ்வேறு நேரத்தில் வெவ்வேறு வேலை செய்கிறது. க்ளியை முதல் நாளில் நிறுத்தினால் தசை மாறும், கண்கள் ஒன்றையொன்று நெருங்கும். மூன்றாம் நாளில் நிறுத்தினால் தசையின் அமைப்பு ஏற்கெனவே முடிந்திருக்கும். "மருந்து வேலை செய்யவில்லை" என்று சொல்லி வந்தவர்களில் சிலர் ஒரு நாள் பிந்திப் போட்டவர்கள்.

தசைக்காக என்றால், கலப்படலம் மஞ்சட்கருவைப் பாதி மூடும் நிலையில் தொடங்குங்கள். நியம வெப்பநிலையான 28.5 பாகை செல்சியஸில் அது கருக்கட்டி 5 மணி 15 நிமிடத்தில் வரும். 24 மணியில் நிறுத்திப் பாருங்கள். வால் மொட்டு 10 மணியில். அதன் பிறகு தசையைத் தரும் உடற்கண்டங்கள் முன்னிருந்து பின்னாக ஒவ்வொன்றாக உருவாகும். 22 மணியில் 26 சோடி இருக்கும். இடையில் பிந்தி மருந்து போட்டால் முன்கண்டங்கள் இயல்பாகவும் பின்கண்டங்கள் மாறியும் இருக்கும். அதைக் குறையாக நினைக்க வேண்டாம். காரணி எப்போது தேவைப்பட்டது என்பதை ஒரே முளையம் காட்டிவிடுகிறது.

இந்த மணிக்கணக்கெல்லாம் 28.5 பாகைக்கு மட்டும். சித்திரை வெயிலில் நம்முடைய அறை 32ஐத் தொடும். பல அடைகாப்புப் பெட்டிகள் சூடாக்க மட்டுமே தெரிந்தவை, 28.5 என்று வைத்தாலும் அறையைவிடக் குளிராக்காது. கணக்கு இதுதான்: நியம மணியை, 0.055ஐ வெப்பநிலையால் பெருக்கி 0.57ஐக் கழித்து வரும் எண்ணால் வகுங்கள். 32 பாகையில் அந்த எண் 1.19. அதாவது 10 மணி நிலை 8 மணி 24 நிமிடத்திலேயே வந்துவிடும். 25 முதல் 33 பாகை வரை இந்தக் கணக்கு பொருந்தும்.

குளிரூட்டும் வசதியுள்ள பெட்டி இல்லையென்றால், ரெஜிபோம் பெட்டியில் குளிர்ந்த தண்ணீர்ப் போத்தல்களை வைத்து, உள்ளே ஒரு வெப்பமானியை விட்டு, அரை மணிக்கொரு தடவை எழுதுங்கள். மின்வெட்டு வந்தாலும் அந்தப் பெட்டி தாக்குப்பிடிக்கும். எப்படியானாலும், மருந்து போடும் தருணத்தை மணிக்கூட்டால் முடிவு செய்யாதீர்கள், முளையத்தின் தோற்றத்தால் முடிவு செய்யுங்கள்.

4. கிணற்றுத் தண்ணீரைத் தொடாதீர்கள்

யாழ் குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் இருந்து வருவது. கடினத்தன்மை அதிகம், தோட்டப் பகுதிகளில் நைத்திரேற்றும் அதிகம். கிணற்றுக்குக் கிணறு, மாரிக்கும் கோடைக்கும் இது மாறும். பெரிய மீன் தாங்கிக்கொள்ளலாம். ஆனால் சென்ற மாதப் பரிசோதனையையும் இந்த மாதத்தையும் ஒப்பிட முடியாமல் போய்விடும்.

காய்ச்சி வடித்த நீரில், முளையங்களை வளர்க்கும் ஈ3 ஊடகம் செய்யுங்கள். 60 மடங்கு செறிந்த ஒரு லீற்றருக்கு: சோடியம் குளோரைட்டு 17.5 கிராம், பொற்றாசியம் குளோரைட்டு 0.76 கிராம், இருநீரேற்றிய கல்சியம் குளோரைட்டு 2.91 கிராம், ஏழுநீரேற்றிய மக்னீசியம் சல்பேற்று 4.88 கிராம். பாவிக்கும்போது 16.7 மில்லிலீற்றரை எடுத்து ஒரு லீற்றராக்கி, பிஎச்சை 7.2க்குக் கொண்டு வாருங்கள். பூஞ்சணத்துக்காகச் சேர்க்கும் மெதிலீன் நீலத்தை மருந்துக் கிண்ணங்களில் விட்டுவிடுங்கள். அதுவும் ஒரு இரசாயனம்தான், ஒளிர்வுப் படங்களையும் கெடுக்கும்.

5. ஸ்டாக் கரைசல்: இங்கே அவசரப்படாதீர்கள்

இந்த மருந்துகளில் பல தண்ணீரில் கரையாதவை. டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் 10 மில்லிமோலர் ஸ்டாக் (செறிந்த சேமிப்புக் கரைசல்) செய்யுங்கள். சைக்ளோபமைனின் மூலக்கூற்று நிறை 411.6, 5 மில்லிகிராமுக்கு 1.215 மில்லிலீற்றர் டிஎம்எஸ்ஓ. கான்ட்61 இன் நிறை 429.6, 10 மில்லிகிராமுக்கு 2.33 மில்லிலீற்றர். குப்பியில் உப்பு வடிவம் என்று எழுதியிருந்தால் நிறை வேறு. லேபிளைப் பார்த்துக் கணக்கிடுங்கள்.

செய்தவுடன் 20 மைக்ரோலீற்றர் வீதம் சிறு குழாய்களில் பிரித்து உறைய வையுங்கள். ஒரே குழாயைத் திரும்பத் திரும்ப உருக்கி உறைய வைப்பதுதான் முதல் மாதத்தில் வேலை செய்த மருந்து மூன்றாம் மாதத்தில் வேலை செய்யாமல் போவதற்கு வழக்கமான காரணம். மின்சாரம் நின்று உறைபெட்டி உருகினால், அந்தத் திகதியைக் கொப்பியில் குறியுங்கள். அந்தத் தொகுதியை முக்கியமான நாளுக்கு வைக்காதீர்கள்.

டிஎம்எஸ்ஓ 18.5 பாகையில் உறையும். பிரிட்ஜிலிருந்து எடுத்த குழாய் ஓரத்தில் உருகி, நடுவில் கட்டியாக இருக்கும்போதே பிப்பெற்றால் இழுத்தால் செறிவு தாறுமாறாக வரும். அறை வெப்பத்துக்கு வந்து முழுதாக உருகிய பிறகு கலக்கி எடுங்கள். அதே டிஎம்எஸ்ஓ காற்றிலுள்ள ஈரத்தையும் உறிஞ்சும். நம்முடைய கடற்காற்றில் மூடியைத் திறந்து வைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போகக்கூடாது. கான்ட்61 தண்ணீர் பட்டால் இரண்டு துண்டாகப் பிரியும். அதில் ஒரு துண்டுதான் உண்மையில் வேலை செய்வது. ஆகவே அதன் வேலைக் கரைசலை அன்றைக்கு அன்றே செய்யுங்கள். நேற்றைய மீதியும் இன்றையதும் ஒன்றல்ல.

சைக்ளோபமைன் பிறவிக் குறைபாட்டை உண்டாக்கும் பொருள். அதைக் கொண்ட காட்டுச் செடியைக் கருவுற்ற 14ஆம் நாள் அளவில் தின்ற செம்மறியாடுகள் ஒற்றைக் கண் குட்டிகளை ஈன்றிருக்கின்றன. கையுறை கட்டாயம். கர்ப்பமாக இருப்பவரும் அதற்கு வாய்ப்புள்ளவரும் பவுடரை நிறுக்க வேண்டாம். இதைக் கூச்சப்படாமல் குழுவில் முதலே பேசிக்கொள்ளுங்கள்.

6. முட்டை எடுத்தல்

முதல் நாள் மாலை ஆணையும் பெண்ணையும் ஒரே தொட்டியில், நடுவே தடுப்புப் போட்டு வையுங்கள். காலையில் விளக்குப் போட்டதும் தடுப்பை எடுங்கள். வெளிச்சம் வந்தவுடன்தான் முட்டை இடும். அரை மணிக்குள் கிடைத்த முட்டைகளை மட்டும் பயன்படுத்துங்கள். பிந்தியவற்றைச் சேர்த்தால் நிலைகள் கலந்துவிடும்.

கருக்கட்டி 4 மணி நேரத்தில் எல்லாவற்றையும் பாருங்கள். வெள்ளையாக மங்கியவை, பிளவுபடாதவை, கலங்கள் ஒழுங்கில்லாதவை எல்லாவற்றையும் நீக்குங்கள். ஒரு தொகுதியில் நல்லவை குறைவாக இருந்தால் அன்று பரிசோதனையை விடுங்கள். நலிந்த முட்டையில் எந்த மருந்தும் "விளைவு" காட்டும்.

7. அளவைத் தேடும் முன்னோட்டம்

கட்டுரையில் 50 மைக்ரோமோலர் என்று இருந்தது என்பதற்காக 50 போடாதீர்கள். வெப்பநிலை, மருந்தின் தொகுதி, முட்டையின் உறை எல்லாம் உங்களுடையவை.

5, 10, 25, 50 மைக்ரோமோலர் என நான்கு செறிவுகள். ஒவ்வொன்றும் 5 மில்லிலீற்றர், 20 முளையம். எல்லாக் கிண்ணத்திலும் டிஎம்எஸ்ஓ 0.5 சதவீதமாகவே இருக்க வேண்டும். இந்த இடத்தில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். 50க்கு ஸ்டாக் 25 மைக்ரோலீற்றர். 25க்கு ஸ்டாக் 12.5, வெறும் டிஎம்எஸ்ஓ 12.5. 10க்கு 5உம் 20உம். 5க்கு 2.5உம் 22.5உம். கூடவே டிஎம்எஸ்ஓ மட்டும் 25 விட்ட கிண்ணம் ஒன்று, ஈ3 மட்டும் உள்ளது ஒன்று.

ஒரு மாணவி வளைந்த வால்களைக் காட்டி மிகவும் மகிழ்ந்தார். மருந்தின் அளவை ஏற்ற ஏற்ற டிஎம்எஸ்ஓவும் ஏறி 2 சதவீதத்தைத் தொட்டிருந்தது. டிஎம்எஸ்ஓ மட்டும் 2 சதவீதம் விட்டுப் பார்த்தோம், அதே வளைந்த வால். மூன்று வார வேலை போனது. அவர் அழுததை நான் மறக்கவில்லை. அதனால்தான் இந்தக் கணக்கை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

மருந்தை முளையங்களின் மேல் நேரே விடாதீர்கள். தனிக் குழாயில், 28 பாகைக்குச் சூடாக்கிய ஈ3இல், சுழற்றிக்கொண்டே சேருங்கள். பிறகு ஒரு துளியை நுணுக்குக்காட்டியில் பாருங்கள். ஊசி போன்ற பளிங்குகள் தெரிந்தால் மருந்து கரைசலில் இல்லை, அடியில் கிடக்கிறது. அந்தச் செறிவை விட்டு இறங்குங்கள்.

நீங்கள் தேடுவது, முளையம் உயிரோடும் துடிப்போடும் இருக்க, எதிர்பார்த்த மாற்றம் மட்டும் தெரியும் செறிவு. இதயத்தைச் சுற்றி நீர் கோர்த்தல், மஞ்சட்கரு கறுத்தல், உடல் முழுவதும் குறுகுதல் ஆகியவை பொது நச்சுத்தன்மையின் அடையாளங்கள்.

8. உண்மையான பரிசோதனை

சரி, அளவு கிடைத்துவிட்டது. இனி ஈ3, டிஎம்எஸ்ஓ, டொமாட்டிடின், சைக்ளோபமைன், கான்ட்61 என ஐந்து குழுக்கள். ஒரே தாய்மீன் தொகுதியின் முட்டைகளை ஐந்துக்கும் சமமாகப் பிரியுங்கள். உறையை நீக்குவதாக இருந்தால் ஐந்திலும் நீக்குங்கள், இல்லையென்றால் ஒன்றிலும் வேண்டாம். உறை நீக்கிய இளம் முளையம் பிளாஸ்திக்கில் ஒட்டிக் கிழியும். கிண்ணத்தின் அடியில் 1 சதவீத அகரோசு பூசுங்கள்.

கிண்ணத்தை நன்றாக மூடுங்கள். வெயில் நாளில் 5 மில்லிலீற்றர் ஆவியாகிக் குறைந்தால் மருந்தின் செறிவு தானாகவே ஏறும்.

இதை மூன்று வெவ்வேறு நாளில், மூன்று வெவ்வேறு தொகுதியில் செய்யுங்கள். ஒரே நாளில் மூன்று கிண்ணம் வைத்தால் அது ஒரு தடவை செய்ததாகவே கணக்கு, ஏனென்றால் அந்த முட்டைகள் எல்லாம் உடன்பிறப்புகள்.

9. பார்த்து எண்ணுதல்

இயல்பான 24 மணி முளையத்தில் உடற்கண்டங்கள் அம்பு முனை போல மடிந்திருக்கும். ஹெட்ஜ்ஹாக் சமிக்ஞை ஓய்ந்தால் அவை லாடம் போல வளைந்துவிடும், ஏனென்றால் மெதுத் தசை (மெதுவாகச் சுருங்கும் தசை) நார்கள் உருவாகவில்லை.

எண்ணும் முன் ஒன்று செய்யுங்கள்: எல்லாக் குழுவிலும் உடற்கண்டங்களின் எண்ணிக்கையை எடுங்கள். கட்டுப்பாட்டில் 30, மருந்தில் 20 என்றால் மருந்து வளர்ச்சியையே பின்தள்ளியிருக்கிறது. அப்போது 20 கண்டமுள்ள கட்டுப்பாட்டு முளையத்தோடுதான் ஒப்பிட வேண்டும். வளர்ச்சித் தாமதத்தைக் குறைபாடு என்று எழுதுவது இந்தத் துறையில் மிகப் பழைய தவறு.

கிண்ணங்களின் பெயரை நண்பர் ஒருவர் மறைத்து 1 முதல் 5 வரை எண் இடட்டும். நீங்கள் எண்ணி முடித்த பிறகு எந்த எண் எந்தக் குழு என்று அவர் சொல்லட்டும். இறந்தவற்றையும் எழுதுங்கள். 20இல் 8 இறந்து, மிஞ்சிய 12இல் 10 மாறியிருந்தால், "83 சதவீதம்" என்று மட்டும் எழுதுவது வாசிப்பவரை ஏமாற்றுவதாகும்.

10. காரணி உண்மையில் ஓய்ந்ததா?

தோற்றம் மட்டும் போதாது. க்ளி இயக்கும் ஜீன் ஒன்றின் ஆர்என்ஏ குறைந்ததா என்று பார்க்க வேண்டும். ஸீப்ரா மீனில் அதற்குப் பாட்ச்ட்2 நல்லது. மருந்து போட்டுச் சில மணி நேரத்தில், உருவம் மாறும் முன்பே, ஒரு சிறு குழுவை எடுத்து, ஆர்என்ஏயின் அளவைக் காட்டும் கியூபிசிஆர் செய்யுங்கள். 24 மணியில் மட்டும் அளந்தால், ஜீன் குறைந்ததால் தசை போனதா, தசை போனதால் ஜீன் குறைந்ததா என்று பிரித்தறிய முடியாது.

மெதுத் தசையை எஃப்59 பிறபொருளெதிரியால் நிறமூட்டலாம். வசதி இருந்தால் செய்யுங்கள், இல்லையென்றால் பாட்ச்ட்2 போதும்.

11. மீட்டுக் காட்டுதல்

புரதக் கைனேசு ஏ என்ற நொதியம் க்ளியை அடக்கி வைக்கிறது. அந்த நொதியத்தை முடக்கும் ஆர்என்ஏயை ஒற்றைக் கல நிலையில் ஊசியால் செலுத்தினால், ஸ்மூதெண்ட் இல்லாமலே பாதை இயங்கும். அப்படிச் செலுத்திய முளையத்தில் சைக்ளோபமைன் போட்டும் மெதுத் தசை திரும்பினால், மருந்தின் விளைவு ஸ்மூதெண்ட் வழியாகவே வந்தது. படி 1இல் வரைந்த காகிதத்தை இப்போது எடுத்துப் பாருங்கள். மீட்பு எப்போதும் குறுக்குக் கோட்டுக்குக் கீழே தொடங்க வேண்டும். மேலே தொடங்கினால் மருந்தே அதையும் தடுத்துவிடும்.

ஊசி வசதி இல்லாதவர்கள் மருந்தைக் கழுவிப் பார்க்கலாம்: புதிய ஈ3இல் மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் புதிய கிண்ணம். எண்ணெய்த் தன்மையுள்ள மருந்து மஞ்சட்கருவிலும் பிளாஸ்திக்கிலும் தங்கும். ஆகவே "கழுவிய நேரமே மருந்து நின்ற நேரம்" என்று எழுத வேண்டாம். பாட்ச்ட்2 எப்போது திரும்ப ஏறுகிறது என்று அளந்து அதை எழுதுங்கள்.

12. கழிவு

மருந்து கலந்த ஒரு துளியையும் கை கழுவும் தொட்டியில் ஊற்றாதீர்கள். அது போய்ச் சேரும் குழியும், பக்கத்து வளவின் குடிநீர்க் கிணறும் ஒரே சுண்ணாம்புக் கல்லில்தான் இருக்கின்றன. வெடிப்புகள் வழியாகத் தண்ணீர் வேகமாக இறங்கும் நிலம் இது. மூடியுள்ள கண்ணாடிப் போத்தலில் சேர்த்து, மருந்தின் பெயர், செறிவு, திகதி எழுதி, நிறுவனத்தின் இரசாயனக் கழிவுப் பொறுப்பாளரிடம் கொடுங்கள். முதல் கழுவிய நீரும் அதே போத்தலுக்குத்தான். போத்தல் முக்கால் நிறைந்ததும் புதியது வையுங்கள். வெப்பத்தில் விரிவதற்கு இடம் வேண்டும்.